கன்னியாவைப் பற்றி ஒரு வலைப்பக்கம்: முதல் தடவை செய்பவர்களுக்கு

வலைப்பக்கம் செய்யக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேடும் ஓர் உலாவியும் போதும். பழகும்போது இணைய இணைப்புக்கூட வேண்டாம்.

1. முதலில் விஷயத்தை எழுதுங்கள்

திருகோணமலையில் உள்ள நமது கன்னியா வெந்நீரூற்றையே எடுப்போம். ஒரு தலைப்பு, ஏழு கிணறுகளிலும் சூடு வேறுபடுவதைச் சொல்லும் ஒரு பந்தி, போகிறவர்களுக்கு இரண்டு மூன்று குறிப்புகள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினி எழுத்து திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் பக்கம் வாசிக்கவே முடியாது. "கன்னியா" என்று தேடுபவருக்கும் அகப்படாது. ஆகவே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் தட்டுங்கள். கை பாமினிக்குப் பழகிவிட்டதா? அதே விசை அமைப்பில் யூனிகோட் எழுத்துத் தரும் கருவிகள் இருக்கின்றன.

2. குறிச்சொற்களைப் போடுங்கள்

எது தலைப்பு, எது பந்தி என்று உலாவிக்குச் சொல்பவை குறிச்சொற்கள்; அவற்றின் மொழிதான் எச்.ரி.எம்.எல். அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன். தலைப்புக்கு முன்னால் < > குறிகளுக்குள் எச்1 என்று எழுதுங்கள். தலைப்பு முடிந்ததும் அதையே மறுபடி எழுதி, < குறியை அடுத்து ஒரு / சேருங்கள். பந்திக்கு பி. பட்டியல் முழுவதையும் யூ.எல். சூழ வேண்டும், உள்ளே ஒவ்வொரு குறிப்புக்கும் எல்.ஐ.

எழுத்து பெரிதாக வரும் என்பதற்காக எச்1 போடாதீர்கள். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் தலைப்புகளைப் பிடித்துத்தான் பக்கத்துக்குள் நகரும்.

3. உச்சியில் மூன்று வரிகள்

முதல் வரியில், < குறிக்குப் பின் ஆச்சரியக்குறி போட்டு, டொக்டைப் எச்.ரி.எம்.எல். அடுத்து எச்.ரி.எம்.எல். குறிச்சொல்; அதற்குள் லாங் = "ரி.ஏ.", அதாவது பக்கம் தமிழ் என்ற அறிவிப்பு. மூன்றாவது, மெட்டா குறிச்சொல்லில் சார்செட் = "யூ.ரி.எப்-8", அதாவது யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை. இது விடுபட்டால் சில வேளை தமிழுக்குப் பதிலாகக் கிறுக்கல்கள் வரும்.

4. சேமியுங்கள்

கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, முடிவில் புள்ளி எச்.ரி.எம்.எல். சேருங்கள். கோப்பு வகையில் "எல்லாக் கோப்புகளும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள்; இல்லாவிட்டால் நோட்பேட் அதை வெறும் உரைக்கோப்பாக்கிவிடும். குறியாக்கத்திலும் யூ.ரி.எப்-8தான். சரி, இப்போது கோப்பை இரட்டைச் சொடுக்குங்கள். பக்கம் உலாவியில் திறக்கும். பிறகு எதை மாற்றினாலும் சேமித்துவிட்டு எப்5 விசையைத் தட்டினால் போதும்.

அப்புறம் ஒரு படம் சேருங்கள். ஐ.எம்.ஜி. குறிச்சொல்லில் எஸ்.ஆர்.சி. என்பது படக்கோப்பின் பெயர். ஆல்ட் என்பது படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விவரம். அதில் "படம் 1" என்று விடாமல், "கன்னியாக் கிணற்றில் வாளியால் நீர் அள்ளும் பெண்" என்று எழுதுங்கள்.