நீலமாகத் தெரிந்தால் நல்லதா? தெர்மல் கேமரா பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவை (நீலம் என்றால் குளிர்ச்சி, சிவப்பும் வெள்ளையும் என்றால் சூடு) அதன் பக்கம் திருப்புங்கள். டேப் ஒட்டிய இடம் 80 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டும். அதை ஒட்டியே இருக்கும் வெறும் எவர்சில்வர் பரப்பு 45 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். தொட்டுப் பார்த்தால் இரண்டு இடமும் ஒன்றுபோல விரலைச் சுடும்.

கேமரா பழக என்னிடம் வரும் எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும், முதல் நாள் இந்த டம்ளரைக் காட்டாமல் மின்சாரப் பேனல் பக்கம் அனுப்புவதில்லை. இந்தக் கருவியை வைத்து நாம் செய்யும் தவறுகளில் மோசமானது எது என்பது இந்த ஒரு டம்ளரிலேயே தெரிந்துவிடும். சூடாக இல்லாததைச் சூடு என்று படித்தால் அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். சூடாக இருப்பதைக் குளிர்ச்சி என்று படித்தால் பேனல் எரியும்.

கேமராவுக்கு வெப்பநிலை தெரியாது. ஒரு பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை, அதுவும் சுமார் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில், அது வாங்கிக்கொள்கிறது. பிறகு, ‘இவ்வளவு கதிர் வருகிறது என்றால் இவ்வளவு டிகிரி இருக்க வேண்டும்’ என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை, பரப்பின் உமிழ்திறன். மெனுவில் எமிசிவிட்டி என்ற பெயரில் இருப்பது அதுதான். இன்சுலேஷன் டேப், பெயிண்ட், ரப்பர், மனிதத் தோல் எல்லாம் 0.9-க்கு மேல். பளபளப்பான செம்பும் அலுமினியமும் 0.1-க்கும் கீழே. பெரும்பாலான கேமராக்கள் 0.95 என்ற அமைப்போடு பெட்டியிலிருந்து வருகின்றன. வாங்கிய நாளிலிருந்து அந்த எண்ணை ஒருமுறைகூடத் தொடாதவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படி இருந்தவன்தான். பல வருடங்களுக்கு முன், ஒரு நூற்பாலையின் பேனல் அறையைப் படம் எடுக்கப் போனேன். பொங்கல் விடுமுறை. ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களில் பாதிக்கு மேல் நின்றிருந்தன. ‘சாவகாசமாகப் பார்க்கலாம்’ என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் நாங்களேதான். மெஷின்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 400 ஆம்பியர் ஃபீடர் ஒன்றில், பஸ்பார் (மின்னோட்டத்தைச் சுமக்கும் செம்புப் பட்டை) ஜாயிண்ட் மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி நீலமாகத் தெரிந்தது. நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்து, முழு ஓட்டத்தில், நடு ஃபேஸ் ஜாயிண்ட் கருகியது. பேனலுக்குள் படிந்திருந்த பஞ்சுத் தூசி புகைய ஆரம்பித்தது. இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் வாடையை மோப்பம் பிடித்து ஓடிவந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இரண்டு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது புரிந்தது.

லோடு இல்லாத நேரத்தில் பார்ப்பது

தளர்ந்த ஜாயிண்ட்டில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். லோடு பாதியானால் வெப்பம் கால் பங்காகிவிடும். அன்றைக்கு அந்த ஃபீடரில் ஓடியது 150 ஆம்பியர்தான். முழு ஓட்டத்தில் 375 வரை போகும், அதாவது இரண்டரை மடங்கு. இரண்டரையின் இருமடி ஆறேகால். முழு லோடில் பக்கத்து ஃபேஸைவிட 50 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் ஜாயிண்ட், அந்த விடுமுறை நாளில் வெறும் 8 டிகிரிதான் கூடுதலாக இருந்திருக்கும். (சூடு ஏற ஏறச் சுற்றுக்காற்றும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்விக்கும் என்பதால் நடைமுறையில் இருமடிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். மதிப்பிடுவதற்கு இந்தக் கணக்குப் போதும்.)

மின்சாதனப் பராமரிப்புக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 70பி ஆவணம், மதிப்பீட்டு லோடில் குறைந்தது 40 சதவீதமாவது ஓடும்போதுதான் இந்த ஆய்வைச் செய்யச் சொல்கிறது. என் அனுபவத்தில் 40-ம் போதாது. எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும் ஷிஃப்டில், ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு பாருங்கள். இரும்பும் செம்பும் சூடேற நேரம் வேண்டும். உற்பத்தி மேலாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. படம் எடுக்க எதையும் நிறுத்த வேண்டியதில்லை என்று சொல்லிப் புரியவைக்கலாம்.

பளபளக்கும் உலோகத்தை அப்படியே படிப்பது

மீதி இருந்த 8 டிகிரியையாவது நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. காரணம், அது வெறும் செம்பு. உமிழ்திறன் 0.1 உள்ள பரப்பை 0.95 என்ற அமைப்பில் படித்தால், உண்மையில் இருக்கும் 8 டிகிரி வித்தியாசம் திரையில் ஒரு டிகிரிகூட இருக்காது. 35 டிகிரி அறையில் 90 டிகிரி சூட்டில் இருக்கும் பளபளப்பான பஸ்பாரைக்கூட அந்த அமைப்பு சுமார் 42 என்றுதான் காட்டும்.

அப்படியானால் எமிசிவிட்டியை 0.1 என்று மாற்றிக்கொண்டால் ஆயிற்றே என்று தோன்றும். வேண்டாம். அந்த அளவுக்கு இறக்கினால், கேமராவுக்குள் வரும் கதிரில் பத்தில் ஒன்பது பங்கு சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. அதைக் கழித்து மீதியைப் பத்து மடங்கு பெருக்கும்போது சின்னப் பிழையும் பத்து மடங்காகும். பளபளப்பான உலோகத்தை எந்த அமைப்பிலும் நம்பகமாக அளக்க முடியாது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அதன் பக்கத்தில் அளக்கக்கூடிய பரப்பைத் தேடுங்கள். லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) ஒட்டிய கேபிள் இன்சுலேஷன், ஹீட்-ஷ்ரிங்க் ஸ்லீவ், பெயிண்ட் பூசிய பகுதி, கறுத்துப்போன போல்ட் தலை இவையெல்லாம் உண்மைக்கு நெருக்கமாகச் சொல்லும். அதைவிட நல்ல வழி, அடுத்த ஷட்டவுனில் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, டெஸ்ட் செய்து உறுதிப்படுத்திய பிறகு, ஒவ்வொரு ஜாயிண்ட்டின் அருகிலும் அந்தச் சூட்டைத் தாங்கக்கூடிய டேப்பையோ பெயிண்டையோ ஒரு பொட்டாக வைத்துவிடுவது. பிறகு வருடக் கணக்கில் அந்தப் பொட்டையே அளக்கலாம். மின்சாரம் இருக்கும்போது டேப் ஒட்டப் போகவே கூடாது.

பளபளப்பான பரப்பு எதிர்த்திசையிலும் ஏமாற்றும். பஸ்பாரில் திடீரென்று ஒரு சூடான திட்டு தெரியும். பதறாமல் ஒரு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். திட்டும் உங்களோடு நகர்ந்தால் அது உங்கள் உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பு. நகராமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். எப்போதும் நேர்எதிரே நிற்காமல் சற்றுச் சாய்ந்த கோணத்தில் நின்று எடுப்பது இதனால்தான். ரொம்பவும் சாய்ந்துவிட்டால், ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் போனால், உமிழ்திறனே குறைந்துபோகும்.

எண்ணை மட்டும் பார்ப்பது

‘எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து?’ என்று கேட்காதவர்கள் இல்லை. தனி எண்ணுக்கு மதிப்புக் குறைவு. ஒரே லோடு ஓடும் ஒரே மாதிரி மூன்று ஃபேஸை ஒப்பிடுவதுதான் முறை. இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது மின்சாதனச் சோதனைக்கான அமெரிக்காவின் நெட்டா அமைப்பின் அட்டவணை. வித்தியாசம் 1 முதல் 3 டிகிரி என்றால் குறை இருக்கக்கூடும், விசாரிக்க வேண்டும். 4 முதல் 15 என்றால் குறை இருக்கவே வாய்ப்பு அதிகம், நேரம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 15-க்கு மேல் என்றால் உடனே. ஆனால் ஒப்பிடுவதற்கு முன் டாங் டெஸ்டரை மாட்டி மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் லோடு அதிகமாக இருந்தால் அது சூடாகத்தான் இருக்கும், ஜாயிண்ட்டைக் குறை சொல்ல முடியாது.

சூடு பரவியிருக்கும் விதமும் பேசும். ஜாயிண்ட்டில் உச்சமாக இருந்து கேபிள் நெடுக மெல்ல மெல்லக் குறைந்தால் தளர்ந்த இணைப்பு. கேபிள் முழுக்க ஒரே சீராகச் சூடென்றால் லோடு அதிகம், அல்லது கேபிள் சைஸ் போதவில்லை. எம்.சி.சி.பி-யின் (பேனலில் இருக்கும் பெரிய சர்க்யூட் பிரேக்கர்) வெளி உறை கொஞ்சம் சூடாகத் தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். உள்ளே இருக்கும் கான்டாக்ட் அதைவிடப் பலமடங்கு சூடாக இருக்கலாம், நாம் பார்ப்பது அதன் மேல்தோலை.

குளிர்ச்சியையும் படிக்கத் தெரிய வேண்டும். மூன்று ஃபியூஸில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது போயிருக்கலாம். பவர் ஃபேக்டருக்காக வைத்திருக்கும் கெபாசிட்டர் வரிசையில் ஒன்று மட்டும் அறை வெப்பத்திலேயே இருந்தால் அதில் மின்னோட்டமே ஓடவில்லை. சிவப்பை மட்டும் தேடும் கண்ணுக்கு இவை படாது.

தூரம், ஃபோகஸ், நிறம்

160×120 பிக்சல், 25 டிகிரி லென்ஸ் உள்ள கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் சுமார் 2.7 மில்லிமீட்டரைப் பார்க்கும். நம்பும்படி அளக்க, இலக்கு குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சலையாவது நிரப்ப வேண்டும், அதாவது 8 மில்லிமீட்டர். நான்கு மீட்டர் தள்ளி நின்றால் அதுவே 33 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் போல்ட்டை அங்கிருந்து அளந்தால், போல்ட்டின் சூட்டையும் பின்னால் இருக்கும் தகட்டின் குளிர்ச்சியையும் கலந்து ஒரு சராசரியைத்தான் கேமரா கொடுக்கும். தரையிலிருந்து 8 மீட்டர் உயரக் கம்பத்து ஜம்பரை (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) இந்தக் கேமராவால் ‘பார்க்க’ முடியும், அளக்க முடியாது. அதற்கு டெலி லென்ஸ் வேண்டும். லேசர் புள்ளி விழும் இடத்தைத்தான் கேமரா அளக்கிறது என்று நினைப்பதும் தவறு. அது எங்கே பார்க்கிறோம் என்று காட்டும் வெறும் கைகாட்டி.

ஃபோகஸ் தப்பினால் படம் மங்குவதோடு நிற்காது, உச்ச வெப்பநிலையும் குறைந்து காட்டும். வெப்ப விவரங்களோடு சேமித்த படத்தில் எமிசிவிட்டியையும் நிறத்தையும் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம். ஃபோகஸ், வெப்பநிலை வரம்பு, நின்ற தூரம் இந்த மூன்றையும் மாற்றவே முடியாது. திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

நிறம் தானாக அமையும் ஆட்டோ முறை இன்னொரு குழி. படத்துக்குள் எல்லாமே 34-க்கும் 37-க்கும் நடுவில் இருந்தாலும், கேமரா அந்த மூன்று டிகிரியையே நீலத்திலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டும். அதே படத்துக்குள் ஒரு சூடான மோட்டார் வந்துவிட்டால், 15 டிகிரி வித்தியாசம் உள்ள ஜாயிண்ட் நீலத்துக்குள் மறைந்துபோகும். நிற வரம்பைக் கையால் பூட்டி, மூன்று ஃபேஸையும் ஒரே அளவுகோலில் எடுங்கள்.

மூடியின் மேலேயே படம் எடுப்பது

பேனலின் அக்ரிலிக் மூடி நம் கண்ணுக்கு ஊடுருவித் தெரியும், கேமராவுக்கு அது சுவர். கண்ணாடியும் அப்படியே. அதனால்தான் கேமராவின் சொந்த லென்ஸே ஜெர்மேனியத்தில் செய்யப்படுகிறது. தலைகீழாக, மெல்லிய கருப்புப் பாலிதீன் பைக்குள் கையை விட்டால் நமக்குத் தெரியாத விரல்கள் கேமராவுக்குத் தெரியும். அடிக்கடி பார்க்க வேண்டிய பேனல்களில் இதற்கென்றே செய்த அகச்சிவப்பு ஜன்னலைப் பொருத்திவிடலாம். அதன் வழியே எடுக்கும்போது, ஜன்னல் தடுத்துக்கொள்ளும் கதிருக்கான திருத்தத்தையும் கேமராவில் கொடுக்க வேண்டும்.

ஜன்னல் இல்லையென்றால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் எதிரே 415 வோல்ட். இங்கே மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டு பேர் போக வேண்டும். மூடியைக் கழற்றுபவர் ஒருவர், கேமரா பிடிப்பவர் இன்னொருவர். முகக்கவசம், ஆர்க் (மின்பொறி வெடிப்பு) தாங்கும் உடை, கையுறை. கேமராவின் பட்டையைத் தொங்க விடாதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு அடிகூட நடக்காதீர்கள். கண் திரையில் இருக்கும்போது முழங்கை எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது.

ஏ.சி. காரிலிருந்து இறக்கிய கேமராவை உடனே பயன்படுத்தாதீர்கள். அறைச் சூட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது கொடுங்கள், லென்ஸில் பனித்திருந்தால் அதுவும் தெளிந்துவிடும். அவ்வப்போது ‘டிக்’ என்று கேட்டுப் படம் ஒரு கணம் உறைவது பழுது அல்ல, கேமரா தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. லென்ஸில் படியும் பஞ்சைச் சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும், ஊதுகுமிழால் ஊதுங்கள். சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். வெளியே யார்டில் எடுப்பதானால் வெயில் இறங்கிய பிறகு போங்கள். காற்று பலமாக வீசினால் இன்னொரு நாள் பார்க்கலாம், அது சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இந்தக் கேமராக்களின் துல்லியம் பொதுவாக 2 டிகிரி கூடவோ குறையவோ. ஆகவே பேனல் பார்க்கும் கேமராவை ஆட்களின் நெற்றிக்கு நேரே நீட்டி, ஒரு டிகிரி காய்ச்சலைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்ப வேண்டாம்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு என் அறிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நான்கு கட்டங்கள் சேர்த்தேன்: அந்த நேரத்தில் ஓடிய ஆம்பியர், அளந்த பரப்பு எது, எமிசிவிட்டி, நின்ற தூரம். பழுது பார்த்த பிறகு அதே லோடில், அதே இடத்தில் நின்று இரண்டாவது படமும் எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஆம்பியர் கட்டம் காலியாக வரும் படத்தில், அது எவ்வளவு நீலமாக இருந்தாலும், நான் கையெழுத்துப் போடுவதில்லை.