தயிர்க்கடைக்கு ஒரு வரைபடம் போடுவோம்

தொழில் தொடங்குகிற ஆட்கள் எடுத்தவுடன் வரவு செலவுக் கணக்கில்தான் இறங்குகிறார்கள். கணக்கு வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் நாம் நிற்கிற நிலம் எப்படிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு, தொழில் உத்தி பற்றி எழுதுகிற சைமன் வோட்லி என்பவர் 2005இல் உருவாக்கிய வரைபட முறை நல்லது. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

வன்னியில் மாங்குளம் பக்கம் ஏ9 வீதியோரம் ஒரு தயிர்க்கடை என்று வைத்துக்கொள்வோம். தாளின் உச்சியில் வாடிக்கையாளரை எழுதுங்கள், கடையை அல்ல. அவருக்கு வேண்டியது நல்ல எருமைத் தயிர். தயிருக்கு என்ன வேண்டும்? பால், உறைமோர், மண்முட்டி, குளிர்சாதனப் பெட்டி. பெட்டிக்கு மின்சாரம், பாலுக்கு எருமை, எருமைக்கு மேய்ச்சல் தரை. வாடிக்கையாளர் கண்ணுக்கு எது எவ்வளவு தூரமோ அது அவ்வளவு கீழே போகும்.

சரி, இனி இடமிருந்து வலம். இடது ஓரத்தில் இன்னும் யாருக்கும் பிடிபடாத புதுச் சங்கதி, அடுத்து சொல்லிச் செய்விப்பது, அதற்கடுத்து கடையில் வாங்கும் பொருள், வலது ஓரத்தில் எல்லோருக்கும் ஒரேமாதிரிக் கிடைப்பது. மின்சாரம் வலது ஓரம், பெட்டி அதற்குச் சற்று முன்னால், அளவு சொல்லி வனையச் சொல்கிற முட்டி இடப்பக்கம். இடம் மாற்றி வைத்தால் அர்த்தமே மாறிவிடும், வெறும் படத்துக்கும் வரைபடத்துக்கும் வித்தியாசம் அதுதான்.

மேய்ச்சல் தரையை எங்கே வைப்பீர்கள்? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காலபோகத்தில், அதாவது மாரிமழையோடு நெல் விதைக்கிற போகத்தில், வயலெல்லாம் விதைத்திருக்கும், குளங்களும் நிறைந்துவிடும், மாட்டை எங்கே விடுவது என்று வளர்ப்பவர்கள் படுகிற பாடு வன்னியில் எல்லோருக்கும் தெரியும். கடையில் வாங்க முடியாத, உறுதியில்லாத ஒன்று அடியில் கிடக்க, மேலே உள்ள அத்தனையும் அதன்மேல் நிற்கிறது. என்னைக் கேட்டால், பெயர்ப்பலகைக்கு ஒதுக்கிய காசில் பாதியைத் தீவனப்புல் வளர்க்கக் கொடுப்பேன்.

அப்புறம் அம்புக்குறிகள். போட்டி கூடக்கூட எல்லாமே வலப்பக்கம் நகரும். பெரிய கம்பெனிகளின் பிளாஸ்டிக் கோப்பைத் தயிர் எங்கும் கிடைக்கிறபோது தயிர் என்பதே சாதாரணப் பொருளாகிவிடுகிறது, அப்போது உங்களுக்கென்று மிஞ்சுவது மண்முட்டியும் எருமைப் பாலும்தான்.

வரைந்து முடித்ததும் பால் தருகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "அண்ணை, இதில எது பிழை?" என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடி அழித்து எழுதத்தான் பென்சில்.