டெர்மினல் பாக்ஸில் தண்ணி: மரை மாற்றிய அனுபவம்

வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. இடவப்பாதி மழை இறங்கினால் போதும், பழைய ஜெர்மன் மெஷின் மோட்டார் ஒன்று ஈ.எல்.சி.பி.யைத் (எர்த் கசிவு வந்தால் லைனை வெட்டும் பிரேக்கர்) தட்டிவிடும். மோட்டாரில் கேபிளை இணைக்கும் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் உள்ளே தண்ணி.

கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது. யாரோ டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். கிளாண்ட் எம்20 (மெட்ரிக் மரை): விட்டம் 20 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5. பாக்ஸின் மரையோ பி.ஜி. 13.5 (பழைய ஜெர்மன் மரை): விட்டம் 20.4, அங்குலத்துக்கு 18 மரை, அதாவது பிட்ச் 1.41. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரிரு சுற்று ஏறும், பிறகு கடிக்கும். வெர்னியர் மட்டும் போதாது, மரை இடைவெளியை ஒப்பிடும் பிட்ச் கேஜையும் வைத்துப் பாருங்கள்.

வெளிமரை பி.ஜி. 13.5, உள்மரை எம்20 உள்ள பித்தளை அடாப்டர் கோயமுத்தூரில் கிடைத்தது. பாக்ஸ் அலுமினியம், ஈரத்தில் வெறும் பித்தளை பட்டால் அலுமினியம் அரிக்கும், அதனால் நிக்கல் பூசியதே வாங்கினேன். (ரப்பர் பால் ஷெட் என்றால் ஸ்டெயின்லெஸ்தான்; பாலில் கலக்கும் அம்மோனியா பித்தளையில் விரிசல் விழ வைக்கும்.) தண்ணியைத் தடுப்பது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), டேப் அல்ல. ஆர்மர் கேபிளின் எர்த்தும் மரை வழியாகப் போவதால் டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பிறகு மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து லைன் கொடுத்தோம். அடுத்த மழைக்கு ட்ரிப் ஆகவில்லை.