'ஓபன்' என்ற ஒரே சொல்: சீன மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

விளக்கைப் போடுவதற்கு "டர்ன் ஆன் த லைட்" என்பதுதான் சரி; சீன மொழி பேசும் ஒருவர் அதை "ஓபன் த லைட்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவருக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2001இல் சீனக் கல்வி அமைச்சகம் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்க வழிசெய்தது. 'காவ்காவ்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சீன மொழிக்கும் கணிதத்துக்கும் 150 மதிப்பெண் என்றால் ஆங்கிலத்துக்கும் அதே 150. அந்த வழியாக வந்தவர் நாம் கேள்விப்படாத ஆங்கிலச் சொற்களைக்கூட மனப்பாடமாக வைத்திருப்பார். அவர் தடுக்கி விழுவது, ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள 'ஓபன்' என்ற சொல்லில்தான்.

அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் விளக்கத் தாள் ஒன்றைத் தயாரிப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம். இணையவழியில் சீனப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவர்களையும், அலுவலகத்தில் சீன நண்பருக்கு உதவ நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். (பெரியவர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை 2021 ஜூலையில் வந்த விதிகள் தடைசெய்துவிட்டன.) உங்களுக்குச் சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாள், கைப்பேசியில் ஒரு சீன அகராதிச் செயலி, இவை போதும். பிளெக்கோ என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. கீழே சீன ஒலிகளைத் தமிழில் தோராயமாகத்தான் எழுதியிருக்கிறேன். தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், தமிழ் எழுத்தில் வராது. செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: பின்னால் நிற்கும் சீனச் சொல்லைக் கண்டுபிடியுங்கள்

ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பொருள்களை ஒன்று, இரண்டு என்று நகலெடுக்கத் தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். தாள் நீளுமே தவிர பிழை குறையாது. மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஓபன் என்றால் சீன மொழியில் என்ன?" 'தாகாய்' என்பார், அல்லது சுருக்கமாகக் 'காய்' என்பார். பிழைகளுக்கு மூலம் இந்தக் 'காய்' தான்.

இந்த எழுத்தின் பழைய வடிவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டு கதவுகள் கொண்ட வாசல். அதற்குள் குறுக்கே ஒரு தாழ்ப்பாள். அதன் கீழே அதைத் தூக்கும் இரண்டு கைகள். ஹாங்காங்கிலும் தைவானிலும் இன்றும் இப்படித்தான் எழுதுகிறார்கள். சீனப் பெருநிலத்தில் 1950களில் எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது வாசலை எடுத்துவிட்டார்கள். தாழ்ப்பாளும் கைகளும் மட்டும் மிஞ்சின. தாளின் மேல் மூலையில் பழைய வடிவத்தைப் பெரிதாக வரைந்துவிடுங்கள். மூன்றாம் படியில் அந்த வாசல் தேவைப்படும்.

இரண்டாம் படி: 'காய்' போகும் இடங்களை எல்லாம் எழுதுங்கள்

செயலியில் 'காய்' என்று தட்டினால் கூட்டுச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். 'காய் மென்' கதவைத் திறப்பது. 'காய் டெங்' விளக்கைப் போடுவது. 'காய் ச்செ' வண்டி ஓட்டுவது. 'காய் ஹுய்' கூட்டம் நடத்துவது. 'காய் ஹுவா' பூ பூப்பது. 'காய் யாவ்' மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது. 'காய் ஷுவே' விடுமுறை முடிந்து பள்ளி தொடங்குவது. 'காய் ஷுய்' கொதிக்கவைத்த நீர். 'காய் ஹூ' வங்கியில் கணக்குத் தொடங்குவது. 'காய் வான்ஷியாவ்' கேலி செய்வது. 'காய் சின்' மனம் மகிழ்வது. பட்டியல் இன்னும் போகும், இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

இவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஆங்கிலத்திலும் 'ஓபன்' என்றே வருபவை முதல் குவியல்: கதவு, பெட்டி, கண், புத்தகம், கோப்பு, செயலி, கடை, வங்கிக் கணக்கு. இவற்றை மாணவர் ஏற்கெனவே சரியாகச் சொல்வார். ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டாவது குவியல்: விளக்கு, தொலைக்காட்சி, ஏசி, குழாய், கூட்டம், விருந்து, மருந்துச் சீட்டு. தாளில் முக்கால் பங்கு இதற்குத்தான்.

'காய்' வந்தாலும் தவறு நடக்காதவை மூன்றாவது. வண்டி ஓட்டுவதற்கு 'டிரைவ்' என்பதை எல்லோரும் தொடக்கத்திலேயே படித்துவிடுவதால், "ஓபன் த கார்" என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பூவும் கேலியும் அப்படியே. சுவையான செய்திகள் என்பதற்காக இவற்றைத் தாளில் ஏற்றாதீர்கள். பாடம் எடுப்பவருக்கு ஆர்வமூட்டுவது எல்லாம் படிப்பவருக்குத் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் படி: விளக்கும் குழாயும்

மேல் மூலையில் வரைந்த வாசலுக்கு வாருங்கள். மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: ஏதாவது விலகி உள்ளே வழி தெரிகிறதா? கதவு விலகுகிறது, மூடி விலகுகிறது, இமை விலகுகிறது. அங்கே 'ஓபன்'. எதுவும் விலகாமல் மின்சாரமோ நீரோ வாயுவோ ஓடத் தொடங்கினால் 'டர்ன் ஆன்'. "ஓபன் த டிவி" என்றால் ஆங்கிலக் காதுக்கு, ஸ்குரூடிரைவரை எடுத்துத் தொலைக்காட்சியின் பின்பக்க மூடியைக் கழற்றுவதாகத் தோன்றும். இதை ஒரு சின்னப் படமாக வரைந்து காட்டினால் மாணவர் சிரிப்பார், அதன் பிறகு மறக்க மாட்டார்.

மடிக்கணினி நல்ல சோதனைப் பொருள். மேல்பாதியைத் தூக்குவது 'ஓபன்'. பொத்தானை அழுத்துவது 'டர்ன் ஆன்'. அதன் பிறகு கோப்பைத் திறப்பது மறுபடியும் 'ஓபன்'. மூன்றையும் மாணவரைக் கையால் செய்துகொண்டே சொல்லச் சொல்லுங்கள். கோப்பில் என்ன விலகுகிறது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திரையில் ஒரு சன்னல் விரிகிறது என்று காட்டிவிடலாம்.

குழாயில் நாமும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தமிழிலும் குழாயைத் 'திற' என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பழக்கத்தில் "ஓபன் த டேப்" நம் காதுக்குத் தவறாகவே படாது, திருத்தாமல் விட்டுவிடுவோம். பள்ளி விஷயத்திலும் அப்படித்தான். ஜூன் மாதம் பள்ளிகள் 'திறக்கின்றன' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதும் சீனரின் 'காய் ஷுவே'யும் ஏறக்குறைய ஒரே பார்வை. மாணவர் எழுதும்போது "ஸ்கூல் ஸ்டார்ட்ஸ்" என்று எழுதச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு 'ஹேவ்' அல்லது 'ஹோல்ட்', விருந்துக்கு 'ஹேவ்', மருந்துக்கு 'பிரிஸ்கிரைப்'. இவற்றுக்கு விதி தேட வேண்டாம், வாக்கியமாக மனப்பாடம் செய்வதுதான் வழி.

இன்னொன்று. சிங்கப்பூரில் "ஓபன் த லைட்" அன்றாடப் பேச்சில் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம். உங்கள் மாணவர் அங்கே வேலை பார்ப்பவர் என்றால், அவர் பேச்சில் இதைத் திருத்த அவசரப்பட வேண்டியதில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர் என்றால் கட்டாயம் திருத்துங்கள்.

நான்காம் படி: திறந்திருக்கிறதா, திறந்ததா?

'ஓபன்' சொல்லில் உண்மையிலேயே கடினமான பகுதி இது. விளக்குப் பிழையைக் கேட்பவர் புன்னகைத்துவிட்டுப் புரிந்துகொள்வார். இங்கே நடக்கும் பிழையில் பொருளே மாறிவிடும்.

"த ஷாப் இஸ் ஓபன்ட்" என்று பலர் சொல்கிறார்கள். சீன வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப உருமாறுவதில்லை. எனவே ஆங்கிலத்தில் எங்கே விகுதி சேர்ப்பது, எங்கே விடுவது என்ற பதற்றம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. இதற்கு மருந்தும் சீன மொழியிலேயே இருக்கிறது. 'மென் காய் ஜ' என்றால் கதவு திறந்த நிலையில் இருக்கிறது. 'மென் காய் ல' என்றால் மூடியிருந்த கதவு திறந்துவிட்டது. கடைசியில் வரும் 'ஜ' நிலையைக் காட்டுகிறது. 'ல' மாற்றத்தைக் காட்டுகிறது. தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். 'ஜ' கட்டத்தில் "இஸ் ஓபன்". 'ல' கட்டத்தில் "ஓபன்ட்". மாணவர் தாய்மொழியிலேயே இந்த வேறுபாட்டை நாள்தோறும் பயன்படுத்துவதால் ஆங்கில இலக்கணச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படாது.

எடுத்துக்காட்டுக்குச் சீனாவிலேயே நல்ல செய்திகள் கிடைக்கின்றன. பெய்ஜிங்கில் முதல் கே.எஃப்.சி. கடை 1987இல் திறக்கப்பட்டது: "ஓபன்ட் இன் 1987". பெய்ஜிங்–தியான்ஜின் அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்டது 2008 ஆகஸ்டில்: "ஓபன்ட் இன் 2008". ஆண்டு வந்தால் 'ல' கட்டம். இன்று ஒரு கடை இரவு பத்து மணி வரை வியாபாரம் செய்கிறது என்றால் 'ஜ' கட்டம்: "இஸ் ஓபன் அன்டில் டென்".

இப்போது எதிர்ச்சொல். கதவுக்கும் விளக்குக்கும் சீனத்தில் ஒரே 'குவான்' தான், ஆகவே "க்ளோஸ் த லைட்" என்ற பிழையும் கூடவே வரும்; அதற்கு 'டர்ன் ஆஃப்'. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 'ஓபன்' வினையாகவும் நிலையாகவும் ஒரே உருவில் நிற்கிறது. 'க்ளோஸ்' அப்படி நிற்பதில்லை. நிலையைச் சொல்ல 'க்ளோஸ்ட்' ஆக வேண்டும். மாணவர் "த பேங்க் இஸ் க்ளோஸ்" என்று எழுதினால், வங்கி பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள்! படித்தவர் கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார்.

பேச்சில் இதைப் பிடிப்பது எளிதல்ல. மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழியின் அசைகள் உயிரொலியிலோ 'ன்', 'ங்' போன்ற ஓரிரு மெய்களிலோதான் முடியும். 'க்ளோஸ்ட்' போல இரண்டு மெய் அடுக்கி முடிவது அவர்கள் நாவுக்குப் புதிது, கடைசி ஒலி விழுங்கப்பட்டுவிடும். மாணவருக்கு விதி தெரியவில்லையா, ஒலிதான் வரவில்லையா என்று அறிய எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் சரியாக இருந்தால் இலக்கணத்தை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பண்புப் பொருள்கள், அளவாக

1978 டிசம்பருக்குப் பிறகு தொடங்கிய பொருளாதாரக் கொள்கையைச் சீனர்கள் 'கைகெ காய்ஃபாங்' என்று சொல்கிறார்கள். முதல் சொல்லிலும் நம் 'காய்' இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்; அது 'கைகெ', அதாவது சீர்திருத்தம். எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. இரண்டாவதான 'காய்ஃபாங்'கில்தான் நம் 'காய்' இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'ஓபனிங் அப்'. எல்லாருக்கும் தெரிந்த இந்தத் தொடரிலிருந்து 'ஓபன் எகானமி', 'ஓபன் மைண்ட்' ஆகியவற்றுக்குப் போவது எளிது. 'ஓபன் சீக்ரெட்' என்பதற்குச் சீனத்திலும் சொல்லுக்குச் சொல் அதே வழக்கு இருக்கிறது. டென்னிஸ் பிரியராக இருந்தால் பெய்ஜிங்கில் நடக்கும் சீன ஓபன் போட்டியை ஒரு வரியில் தொட்டுச் செல்லலாம். அதற்கு மேல் இந்தத் தாளில் இடமில்லை.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

தாளை மடித்து வைத்துவிட்டுப் படங்களை மட்டும் காட்டுங்கள்: விளக்கு, சன்னல், குழாய், மடிக்கணினி, பூட்டிய கடை. சீனச் சொல்லைச் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னால் 'காய்' மறுபடி முன்னால் வந்து நிற்கும், ஆகவே படம்தான் சரி. படங்களைக் கலைத்துக் காட்டுவது முக்கியம். விளக்கு, ஏசி, தொலைக்காட்சி என்று வரிசையாகக் காட்டினால் 'டர்ன் ஆன்' பழகிப்போய், அடுத்து வரும் சன்னலுக்கும் அதையே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் திருத்தாமல், மேல் மூலையில் இருக்கும் வாசலை விரலால் சுட்டிக்காட்டிவிட்டுக் காத்திருங்கள்.

இந்தத் தாள் சரியாக வந்துவிட்டால் அடுத்து 'கான்' என்ற சீனச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் படிப்பதும், தொலைக்காட்சி பார்ப்பதும், மருத்துவரிடம் காட்டிக்கொள்வதும் அங்கே ஒரே வினை. ஆங்கிலத்தில் 'ரீட்', 'வாட்ச்', 'சீ' என்று மூன்று. அதற்கும் இதே ஆறு படிகள்தான், ஐந்தாவது மட்டும் தேவைப்படாது.