சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாமக்கல், அரியலூர் என்று பூர்வீகம் சொல்லும் நம் மலேசியக் குடும்பங்கள் சென்னையில் இறங்கினால், மீண்டும் 250 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வர வேண்டும். அவர்களுக்குத் திருச்சிதான் வாசல். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் நாட்கணக்கில் வந்த பாட்டன் வழியை, இன்று கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

முதல் வேலை விசா. இ-விசாவில் திருச்சி வழியாக நுழையலாம். விண்ணப்பிக்கும் முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 4 நாள் முன்பே அனுப்பச் சொல்கிறார்கள். 2 வாரம் வைத்துக்கொள்வது நல்லது. நம்மவர் அதிகம் சறுக்குவது பெயரில்தான். கடப்பிதழில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யின் சாய்கோட்டை விண்ணப்பப் பாரம் ஏற்காது. கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்தெல்லாம் கடப்பிதழில் உள்ளபடியே இடுங்கள், விமான டிக்கெட்டிலும் அப்படியே. அப்பா அம்மா பிறந்த ஊரும், இந்தியாவில் ஒருவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். சொந்தம் யாரும் தெரியாவிட்டால் தங்கும் ஹோட்டலின் முகவரி போதும். 30 நாள் விசாவில் அச்சாகியிருக்கும் முடிவுத் தேதி, அதற்குள் நுழைய வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. 30 நாள் கணக்கு இறங்கிய நாளிலிருந்து ஓடும்.

இந்தியக் குடிநுழைவுக்கான இ-அரைவல் கார்டை, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்புங்கள். கட்டணம் இல்லை.

சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது, கே.எல். சென்ட்ரல் வரை ஏறக்குறைய 3 மணி நேரம். அங்கிருந்து விமான நிலைய ரயிலான கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் டெர்மினல் 1-க்கு 28 நிமிடம், டெர்மினல் 2-க்கு 33 நிமிடம். பெட்டி அதிகமென்றால் ஈப்போவிலிருந்து நேராக விமான நிலையம் போகும் பஸ்தான் மேல், இடையில் தூக்கி இறக்கும் வேலை இல்லை. ஏர்ஏசியா டெர்மினல் 2-இல், பாத்தேக் ஏர் டெர்மினல் 1-இல். ஏர்ஏசியா கவுண்டரை 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ரயில் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 3 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கைப்பை 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெட்டி எடையை டிக்கெட்டோடு வாங்கினால் மலிவு, கவுண்டரில் வாங்கினால் ரிங்கிட் கரையும். வேப் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: இந்தியாவில் 2019 முதல் தடை. பழைய பர்ஸில் 500, 1000 ரூபாய் நோட்டு மிச்சமிருந்தால் எடுத்துப் பாருங்கள். 1000 ரூபாய் நோட்டு எதுவும் செல்லாது, 500-இல் 2016 நவம்பரில் நிறுத்திய பழைய வரிசை செல்லாது. கழுத்தில் கனமான நகை போட்டுப் போகிறவர்கள் இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று சொல்லிவிடுங்கள். திரும்பும்போது எடுத்துச் செல்லச் சான்று எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. முகப்பில் கோபுரச் சாயலும் உள்ளே கோல வண்ணங்களும் கண்ணை நிறைக்கும். இந்திய நேரம் நம்முடையதை விட இரண்டரை மணி நேரம் பின்னால். இரவு 10-க்குக் கிளம்பினால் அங்கே 11.30 அளவில் இறங்குவீர்கள். அந்நேரத்தில் சிம் வாங்க அலையாமல் ரோமிங்கை ஒரு நாளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வருமுன் சிறிது பணம் மாற்றி, 100, 200 ரூபாய் நோட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில். புதுக்கோட்டை, காரைக்குடி போகிறவர்கள் நகருக்குள் போக வேண்டியதே இல்லை, அது எதிர்த்திசை. ரயில் சந்திப்பு 5 கிலோமீட்டர் அளவில்தான். தஞ்சாவூர் 55 முதல் 60 கிலோமீட்டர், மதுரை 135 அளவில். முன்பு மத்திய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய வெளியூர் பஸ்கள் 2025 ஜூலை முதல் பஞ்சப்பூர் புதிய முனையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய நினைவில் “மத்திய பேருந்து நிலையம்” என்று சொன்னால் ஆட்டோ உங்களை அந்தப் பழைய இடத்தில்தான் இறக்கும். வயதானவர்களோடு நள்ளிரவில் இறங்குவோர் ப்ரீபெய்டு டாக்சி எடுங்கள், அல்லது அன்றிரவு திருச்சியிலேயே தங்கி விடிந்ததும் புறப்படுங்கள். கிராமத்துக்குப் போகும் கடைசிப் பாதையில் இரவில் வழி கேட்கக்கூட ஆள் இருக்காது.

திரும்பும் நாளில் தவறுவது தேதி. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.20 என்றிருந்தால் 14-ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். டிக்கெட்டும் கடப்பிதழும் இல்லாதவரை வாசல் காவலர் முனையத்துக்குள் விடமாட்டார். கே.எல்.ஐ.ஏ.யில் போல மொத்தக் குடும்பமும் கவுண்டர் வரை வந்து வழியனுப்ப முடியாது. பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். கோயில் பிரசாதப் பையைப் பிரித்துப் பாருங்கள்: விபூதி, குங்குமம் பெட்டியில் போகட்டும், கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பதால் எந்தப் பையிலும் போகக் கூடாது. பித்தளை வேல் பெட்டிக்குள். நெய், ஊறுகாய் பாட்டில்களும் அப்படியே, இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி. பவர் பேங்க் மட்டும் கைப்பையில். முருங்கைக் கன்று, மல்லிகைப் பதியன் என்று ஆசையாய்க் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்; அனுமதிச் சீட்டு இல்லாத செடிகளை மலேசியாவில் பறிமுதல் செய்வார்கள்.