பேட்டரி செயின்சா: சத்தம் இல்லை என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம்

பெட்ரோல் செயின்சா ஓடுகிறதா நிற்கிறதா என்பது பத்து வீடு தள்ளி இருப்பவருக்கும் தெரியும். பேட்டரி செயின்சா அப்படி எதையும் அறிவிக்காது. பேட்டரி மாட்டியிருக்கும் வரை அது சத்தமே இல்லாமல் தயாராக இருக்கும், ட்ரிக்கரை அழுத்திய அந்தக் கணமே மோட்டார் முழு இழுவையோடு கிளம்பும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை, சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே "சின்ன மிஷின்தானே" என்று பலர் செருப்புக் காலோடு, கண்ணில் ஒரு கண்ணாடிகூட இல்லாமல் வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். முழு அளவு பேட்டரி செயின்சாக்களில் செயின் நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் வேகத்தில் ஓடும், சில மாடல்களில் அதற்கும் மேல். நொடிக்கு 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் பற்கள் காலில் பட்டால், உள்ளே இருந்தது பெட்ரோல் இன்ஜினா பேட்டரியா என்பதில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கம்: பேட்டரி உள்ளே இருந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செயினை இறுக்க, பல்லுக்கு அரம் போட, இடையில் சிக்கிய குச்சியை எடுக்க, வண்டியில் ஏற்ற, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க, எதுவாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. ட்ரிக்கரில் லாக் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த லாக், கைப்பிடியை இயல்பாக இறுக்கிப் பிடித்தாலே உள்ளங்கையிலோ கட்டைவிரலிலோ அழுந்தும் இடத்தில்தான் இருக்கிறது, அதனால் அவசரமாக மிஷினைத் தூக்கும்போது லாக்கும் ட்ரிக்கரும் சேர்ந்தே அழுந்திவிட வாய்ப்பு உண்டு.

உடம்பில் என்ன போட வேண்டும்

செயின்சாவில் அதிகம் அடிபடுவது கால்களும் இடது கையும். தலைக்கு ஹெல்மெட், முகத்துக்கு வலைத்தடுப்பு, அதற்குள் கண்ணுக்குக் கண்ணாடி, பிடி வழுக்காத கையுறை, முனையில் இரும்பு வைத்த ஷூ. சத்தம் குறைவுதான் என்றாலும் மணிக்கணக்கில் வெட்டுகிறவர் காதையும் மூடிக்கொள்வது நல்லது. தொளதொள சட்டை, தோளில் தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம்.

செயின்சா பேன்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிப் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. அந்தத் துணிக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் இந்த இழைகள் இழுபட்டுப் போய் உள்ளே செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்தும். கிளாஸ் 1 என்று போட்டிருந்தால் நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது, கிளாஸ் 2 என்றால் 24 மீட்டர். ஆனால் எலக்ட்ரிக் மோட்டாருக்குக் குறைந்த வேகத்திலும் இழுவை குறையாது, இழை சுற்றினாலும் அதையும் இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓடப் பார்க்கும். எனவே பெட்ரோல் மிஷினை நிறுத்துவது மாதிரி பேட்டரி மிஷினையும் அது நிச்சயமாக நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. இருந்தாலும் போடுங்கள், காயத்தின் ஆழத்தைக் குறைக்கும். ஒருமுறை செயின் பட்டு இழை வெளியே வந்த பேன்ட்டைத் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு முன்

பேட்டரி வெளியே, கையில் கையுறை. செயின் சரியான திசையில் மாட்டியிருக்கிறதா பாருங்கள்: பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின், மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் மூக்கை, அதாவது அதன் முன்முனையை, நோக்கி இருக்க வேண்டும். புதுச் செயினைத் தலைகீழாக மாட்டிவிட்டு, வெட்டவே மாட்டேன் என்கிறதே என்று முழு பலத்தோடு அழுத்துகிறவர்கள் உண்டு.

அடுத்து இறுக்கம். பாரின் அடிப்பக்கம் நடுவில் செயினைப் பிடித்து லேசாக இழுத்துவிடுங்கள். டக்கென்று திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். பாரின் காடிக்குள் ஓடும் அடிப்பற்கள் முழுதாக வெளியே வந்துவிடக் கூடாது. அதே நேரம் கையால் தள்ளினால் செயின் தாராளமாக நகர வேண்டும். நகரவே இல்லையென்றால் உடனே தளர்த்திவிடாதீர்கள், முதலில் செயினை ஓடவிடாமல் நிறுத்தும் செயின் பிரேக் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் காரணம் அதுதான். இறுக்கும்போது பாரின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்கி, பிறகு நட்டைப் பூட்டுங்கள். புதுச் செயின் முதல் சில வெட்டுகளிலேயே நீண்டு தொங்கும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும். வேலை நடுவே சூடாக இருக்கும்போது இறுக்கினீர்கள் என்றால், முடித்ததும் மறக்காமல் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது செயின் சுருங்கி பாரைப் பிடித்துக்கொள்ளும்.

பேட்டரி மிஷினுக்கு எண்ணெய் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இன்ஜின் எண்ணெய்தான் தேவையில்லை, செயினுக்கும் பாருக்கும் எண்ணெய் கட்டாயம் வேண்டும். டாங்கை நிரப்பி, பேட்டரியை மாட்டி, ஒரு வெளிர்நிற அட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மூக்கைப் பிடித்துச் சில நொடிகள் ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. விழவில்லை என்றால் எண்ணெய் வரும் துளையில் தூள் அடைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். கடைசியாகப் பிரேக். மிஷினை ஓட்டிக்கொண்டே, கைப்பிடியை விடாமல், இடது மணிக்கட்டின் புறத்தால், முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பை முன்னே தள்ளினால் செயின் பட்டென்று நிற்க வேண்டும். தயங்கி நின்றால் அந்த மிஷினால் அன்றைக்கு எதுவும் வெட்டாதீர்கள்.

கிக்பேக், அதாவது மிஷின் துள்ளி முகத்துக்கு வருவது

செயின் பாரின் மேல்பக்கத்தில் முன்னோக்கி ஓடி, மூக்கைச் சுற்றி, கீழே திரும்பி வருகிறது. மூக்கின் மேல் கால்பகுதி எதிலாவது முட்டினால் பல் அங்கே கடித்துக்கொள்ளும், ஆனால் மோட்டார் விடாது. செயின் போக முடியாததால் மிஷினே மேலும் பின்னுமாகத் துள்ளி உங்கள் முகத்தை நோக்கி வரும். கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடும், பார்த்து விலகுவதற்கு எந்த மனிதனாலும் முடியாது. எனவே நடந்தபின் என்ன செய்வது என்ற யோசனைக்கே இடமில்லை, எப்படிப் பிடித்திருக்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் காப்பாற்றும்.

வலது கை பின்கைப்பிடியில், இடது கை முன்கைப்பிடியில். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதேதான், மிஷினின் தடுப்புகள் எல்லாம் இந்தப் பிடியை வைத்தே அமைந்திருக்கின்றன. இடது கட்டைவிரல் கைப்பிடியின் அடியில் சுற்றி வந்து பூட்ட வேண்டும், மற்ற விரல்களோடு மேலேயே கிடக்கக் கூடாது. மிஷின் துள்ளும்போது கை வழுக்காமல் பிடியில் இருந்தால்தான் மணிக்கட்டு தடுப்பில் மோதிப் பிரேக் விழும். வெட்டும் கோட்டுக்கு நேர்பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, ஒரு கால் முன்னே வைத்து நில்லுங்கள். துள்ளினாலும் உங்கள் வலத்தோள் பக்கமாகப் போகும். தோள் உயரத்துக்கு மேலே வெட்டவே வேண்டாம். ஏணியில் நின்றுகொண்டு வெட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது எல்லாரும் வாங்குகிற ஒரு கை மினி செயின்சாவைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. நிறைய மாடல்களில் செயின் பிரேக்கே கிடையாது. ஒரு கையில் மிஷின், இன்னொரு கையில் கிளை என்று பிடித்து வெட்டுவார்கள்; கிளை அறுந்ததும் மிஷின் அதே வேகத்தில் கிளையைப் பிடித்த கைக்கோ தொடைக்கோ வந்து சேரும். இரண்டு கையாலும் பிடிக்க இடம் இருந்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள். இல்லையென்றால் கிளையை வேறு எதிலாவது அண்டக் கொடுத்துவிட்டு, காலியாக இருக்கும் கையை வெட்டும் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது

செயின் முழு வேகம் எடுத்தபின்தான் மரத்தைத் தொட வேண்டும். மிஷினின் உடலை ஒட்டியிருக்கும் முள்பட்டையை மரத்தில் ஊன்றி, மிஷினின் எடையே வேலையைச் செய்யட்டும். பாரின் அடிப்பக்கத்தால் வெட்டினால் மிஷின் மரத்தை நோக்கி இழுக்கும், மேல்பக்கத்தால் அடியிலிருந்து வெட்டினால் உங்களை நோக்கித் தள்ளும், அதற்குத் தகுந்த மாதிரி ஊன்றி நில்லுங்கள். வெட்டு முடியப்போகும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மரம் அறுந்த வேகத்தில் மிஷின் நேரே முழங்காலுக்கு இறங்கும். ஆணி, கம்பி புதைந்த மரத்தில் கைவைக்காதீர்கள். தரையில் கிடக்கும் கட்டையை மண் வரை வெட்டாதீர்கள், மண்ணைத் தொட்டால் பல்லின் கூர் உடனே போய்விடும்.

கீழே விழுந்து கிடக்கும் கிளையை வெட்டும்போது கொஞ்சம் நின்று, அது எதில் தாங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் இழுபட்டும் அடிப்பக்கம் நெருங்கியும் இருக்கும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி, பிறகு மேலிருந்து இறங்கி முடியுங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் அந்தரமாக இருந்தால் தலைகீழ்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, மீதி அடியிலிருந்து. நெருங்கும் பக்கத்திலேயே முழுதும் வெட்டினால் வெட்டுவாய் மூடி பாரைக் கவ்விக்கொள்ளும். இழுபடும் பக்கத்திலேயே முழுதும் வெட்டினால் பாதியில் மரம் பிளந்து அடிக்கும். விழுந்த மரத்தின் அடியில் வில்லாக வளைந்து சிக்கியிருக்கும் இளமரத்தை அனுபவம் இல்லாமல் தொடவே வேண்டாம், விடுபட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

நிற்கும் மரத்தில் கிளை கழிக்க மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, அடியிலிருந்து சிறிதளவு. அதற்கு இன்னும் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுதும். கிளையின் எடை இறங்கிவிடும், பட்டை உரிந்து அடிமரம் வரை கிழியாது. மிச்சமிருக்கும் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கிறதே, அதற்கு வெளியே வெட்டுங்கள். அந்தப் புடைப்பை விட்டுவைத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும்.

பார் சிக்கிக்கொண்டால் ஆட்டி இழுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கிளையைத் தூக்கியோ பிளாஸ்டிக் ஆப்பு அடித்தோ வெட்டுவாயைத் திறந்து பாரை எடுங்கள். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் போகும். பேட்டரி மிஷினில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது: சுமை அதிகமானாலோ சூடானாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பாதி வெட்டில் சட்டென்று நின்றுவிடும். நின்றதும் முதலில் ட்ரிக்கரை விடுங்கள். பெரிய வெட்டைத் தொடங்கும் முன் சார்ஜ் விளக்கைப் பார்த்துவிடுவது நல்லது, பாதி அறுந்த மரத்தை விட்டுவிட்டு சார்ஜ் போடப் போக முடியாது.

முழு மரத்தைச் சாய்ப்பது தனி வித்தை, இதைப் படித்துவிட்டு இறங்க வேண்டாம். பாரைவிடத் தடித்த மரம், பட்டுப்போனது, சாய்ந்தது, மின்கம்பிக்கோ வீட்டுக்கோ பக்கத்தில் இருப்பது, இவையெல்லாம் பழகிய ஆளுக்கு விட வேண்டியவை. பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு வெளியே நிற்க வேண்டும். எந்த வெட்டானாலும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், போனும் அழுத்திக் கட்டத் துணியும் வண்டியில் இல்லாமல் உங்கள் உடம்பிலேயே இருக்கட்டும்.

முடித்தபின்

விழும் தூளைப் பாருங்கள். சின்னச் சின்னச் செதிலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது, மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினைத்தான் ஆட்கள் அழுத்தி வெட்டுகிறார்கள், அப்போதுதான் கை தவறும். உங்கள் செயினுக்கான உருண்டை அரம் எந்த அளவு என்று கையேட்டில் இருக்கும், சின்ன மிஷின்கள் பலவற்றுக்கு 4 மி.மீ. பல்லில் குறித்திருக்கும் கோணத்தில், பெரும்பாலும் 30 டிகிரி, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். இடப்பக்கப் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் வலப்பக்கத்துக்கும் மூன்று, கூடக் குறைய இருந்தால் வெட்டு ஒரு பக்கம் வளையும்.

கைசுடும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் மாட்டாமல் ஆறவிடுங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே உறையும் குளிரிலும் சார்ஜ் செய்யக் கூடாது. உப்பியது, கீழே விழுந்து விரிசல் விட்டது, தண்ணீரில் நனைந்தது எதையும் திரும்ப மாட்ட வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில், ஆணி, சாவி மாதிரி உலோகச் சாமான்கள் இல்லாத பெட்டியில் வையுங்கள். மிஷினைத் தூளெல்லாம் தட்டி, பாருக்கு உறை போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத தனி இடத்தில் வையுங்கள். அடியில் ஒரு பழைய அட்டையும் போட்டுவிடுங்கள், நிறுத்தி வைத்திருக்கும்போதும் செயின் எண்ணெய் கொஞ்சம் கசியும், அது பழுது இல்லை.