ரேஷன் அட்டை இல்லாத குடும்பத்துக்கு உணவு உரிமையைப் பெற்றுத் தரும் வழிமுறை

தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் அனைவருக்குமானது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது; துவரம் பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் மானிய விலையில் கிடைக்கின்றன. ஏறத்தாழ எல்லாரிடமும் அட்டை இருப்பதாலேயே, அது இல்லாத குடும்பம் எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. செங்கற்சூளைக்கு ஆண்டில் பாதி நாள் குடிபெயரும் இருளர் குடும்பங்கள், கணவரைப் பிரிந்து தனியே சமைத்து உண்ணும் பெண்கள், பிள்ளைகளின் அட்டையில் பெயர் இருந்தும் பிள்ளைகளிடமிருந்து ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்காத முதியோர், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஆகியோரே பெரும்பாலும் இப்படி விடுபடுகிறார்கள். இவர்களுக்குத் துணைநிற்க விரும்பும் தன்னார்வலர், ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தின் ஒவ்வொரு நபருக்கும் மாதம் 5 கிலோ தானியத்தையும், மிகவும் ஏழைகளுக்கான அந்தியோதயா வகைக் குடும்பத்துக்கு 35 கிலோவையும் சட்டப்பூர்வ உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் இச்சட்டம் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நீங்கள் அலுவலரிடம் செல்வது சலுகை கேட்டு அல்ல; உங்கள் மனுவின் மொழியும் அதற்கேற்ப இருக்கட்டும்.

குடும்பத்தைச் சந்திக்கும்போது, "அட்டை இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடக் கூடாது. அட்டை இருந்தால் அதை வாங்கி, அதிலுள்ள வகைக் குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமை, அதனுடன் ஏ.ஏ.ஒய். என்றும் இருந்தால் அந்தியோதயா, என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்றது. சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது. எப்பொருளும் வேண்டா அட்டைக்கு எதுவுமே கிடையாது. இந்த வேறுபாடு தனியே வாழும் ஏழை முதியவருக்கு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒருவர் மட்டும் உள்ள முன்னுரிமையற்ற அரிசி அட்டைக்கு மாதம் 12 கிலோ, அதே முதியவர் அந்தியோதயாவில் இருந்தால் 35 கிலோ. அந்தியோதயா அட்டைகளின் மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் இறப்பினாலும் இடப்பெயர்வினாலும் அதில் இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கும் என்பதால், விதவையர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற முதியோர் ஆகியோருக்கு வகை மாற்றக் கோரிக்கையை எழுத்து வடிவில் கொடுத்து வைப்பது அவசியம்.

அட்டையே இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் இணையவழியில்தான் தொடங்குகிறது. உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ அரசு இ-சேவை மையத்திலோ பதியலாம். குடும்ப உறுப்பினர்களின் ஆதார், முகவரிச் சான்று, குடும்பத் தலைவரின் புகைப்படம் ஆகியவை தேவை. சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரே அட்டைக்குக் குடும்பத் தலைவர் என்பதால் விண்ணப்பத்தையும் அவர் பெயரிலேயே தயாரியுங்கள். பதிந்தவுடன் கிடைக்கும் விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி அக்குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் மட்டும் அது இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர்களால் எதையும் கேட்க முடியாது.

விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் காரணங்களில் முதன்மையானது, பெயர் ஏற்கெனவே வேறோர் அட்டையில் இருப்பது. ஒருவர் பெயர் ஓர் அட்டையில்தான் இருக்க முடியும் என்பதால், திருமணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்தும், தனியே வாழும் முதியவரின் பெயரை மகனின் அட்டையிலிருந்தும் முதலில் நீக்கியாக வேண்டும். கணவரைப் பிரிந்த பெண்ணின் நிலை இதில் மிகவும் துயரமானது. அவர் பெயரை நீக்கக் கணவர் சம்மதிக்க மாட்டார், அதே அட்டையில் அரிசியையும் கொடுக்க மாட்டார். இத்தகைய பெண்களுக்கு, விவாகரத்துத் தீர்ப்பு இல்லாவிட்டாலும், நேரடி விசாரணையின் அடிப்படையில் பெயரை நீக்கித் தனி அட்டை வழங்கத் தமிழ்நாட்டில் வழிவகை உண்டு. எனவே இணையவழி விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல், வட்ட வழங்கல் அலுவலருக்குத் தனி மனு எழுதி, அவர் தனியாகச் சமைத்து வாழ்வதை அக்கம்பக்கத்தார் இருவரின் கையொப்பத்தோடு விளக்குங்கள்.

குடிபெயரும் குடும்பங்களுக்கு வேறு வழி. மாநிலத்துக்குள் எந்த நியாய விலைக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ செல்பவர்கள் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. அட்டையும் விரல் ரேகையும் போதும். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு, ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தின்கீழ், சொந்த ஊர் அட்டையைக் கொண்டே இங்கு தானியம் கிடைக்கும். தொழிலாளி தன் பங்கை இங்கு வாங்கினாலும், மீதமுள்ள பங்கை ஊரிலுள்ள குடும்பத்தினர் அங்கே வாங்கிக்கொள்ளலாம். எனினும் இந்த மாநிலம் தாண்டிய வசதி முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டுமே உரியது. முன்னுரிமையற்ற அட்டையுடன் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ வேலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு அங்கு எதுவும் கிடைக்காது. புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் விரல் ரேகை பதியாமல் போவது உழைப்பாளிகளுக்கும் முதியோருக்கும் அடிக்கடி நேரும் இடையூறு. ரேகை ஏற்கப்படாவிட்டால் கருவிழிப் பதிவு செய்யுமாறு கேளுங்கள். ஆதார் இல்லை என்பதற்காகவோ ரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ தகுதியுள்ளவருக்கு உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கடைக்கு வர இயலாதவர்கள் தம் சார்பில் வேறொருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் வழங்கப்படுவதால், உங்கள் பகுதியின் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டறியுங்கள். முன்னுரிமை அட்டைகளில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை ரேகை பதிந்து அடையாளத்தை உறுதிசெய்யவும் வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் இருக்கும் இடத்துக் கடையிலேயே அதைச் செய்யலாம்.

அட்டை வரும்வரை பசி காத்திருக்காது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அங்கன்வாடியில் கிடைக்கும் ஊட்டச்சத்து உணவுக்குக் குடும்ப அட்டை நிபந்தனை அல்ல. பள்ளியில் மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கின்றன. சூளைக்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளையை அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் உடனே சேர்த்துவிட்டால் அப்பிள்ளைக்குப் பள்ளி நாள்களில் இரு வேளை உணவு உறுதியாகும் என்பதால், விண்ணப்ப வேலைக்கு முன்பே இதைச் செய்து முடியுங்கள்.

முறையீட்டில் படிப்படியாகச் செல்வது நல்லது. கடையில் தீராததற்கு 1967 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாம், பெயர் நீக்கம், சேர்த்தல், முகவரித் திருத்தம் போன்றவற்றுக்கு மிகவும் பயனுள்ளது. அங்கும் முடியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுங்கள். சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் உண்டு. குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத அலுவலருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. மனுவில் அட்டை எண், கடையின் குறியீடு, எந்த மாதம், எந்தப் பொருள், எவ்வளவு குறைந்தது, என்ன பதில் சொல்லப்பட்டது என்பன மட்டும் இருந்தால் போதும். நீண்ட மனுக்களைவிடத் தேதியும் அளவும் உள்ள அரைப்பக்க மனுவுக்கே பதில் விரைவாக வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அட்டை கைக்கு வந்த பிறகு, முதல் சில மாதங்களுக்கு ரசீதையும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியையும் வாங்கிய பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வாங்காத பருப்பு வாங்கியதாகப் பதிவாகியிருந்தால் அன்றே புகார் செய்யலாம். வேண்டாத பொருளை வாங்கினால்தான் அரிசி என்று விற்பனையாளர் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அரிசியில் சற்று நிறம் வேறுபட்ட மணிகளைக் கண்டு, நெகிழி அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிபவர்கள் பலர். அவை இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படும் செறிவூட்டப்பட்ட மணிகள். அவற்றை எறியாமல், வழக்கம்போல் களைந்து சமைக்கலாம்.